கயிற்றுக்கு முன்னால் கை

"மூக்கணாங்கயிறு குத்தவே நாலு பேர் வேணும், ஏருக்குப் பழக்க ஆளுக்கு எங்கே போறது?" இந்தக் காரணத்தைச் சொல்லியே பல வீடுகளில் நாட்டுமாட்டுக் காளைக்கன்று சந்தைக்குப் போய்விடுகிறது. கிடாரி வீட்டில் நிற்கும். ஆனால் தலையீற்றில் மடியில் கை வைக்க விடாது. "நாட்டு மாடுன்னா அப்படித்தான் மொரண்டு" என்று பழி இனத்தின் மேல் விழும். பிறந்ததிலிருந்து அந்த உடம்பில் யாராவது கை வைத்துப் பழக்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

ஏன் சின்னதிலேயே?

மாடு, புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து பிழைத்த இனம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை வரை பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று ஏதாவது பட்டால் உதைக்கும். அது கெட்ட குணமல்ல, பயம்.

பயம் பாலையும் பாதிக்கும். மடியைத் தடவினால் ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து பால் இறங்கும். மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். அப்புறம் காம்பை எவ்வளவு இழுத்தாலும் பால் வராது.

எப்படிப் பழக்குவது?

முதல் நாள்: தாய் நக்கட்டும். அந்த நக்கல்தான் கன்றுக்கு முதல் உருவல். ரத்த ஓட்டத்தைத் தூண்டும், உடம்பைக் காய வைக்கும். சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போகட்டும். நம் கை தொப்புளுக்கு மருந்து வைப்பதோடு நிற்கட்டும்.

முதல் மாதம்: தினமும் ஐந்து நிமிடம் போதும். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடமான கழுத்தின் அடிப்பக்கத்தில் தொடங்குங்க. அங்கிருந்து திமில், முதுகு, வயிறு, தொடை என்று உள்ளங்கையால் நிதானமாக உருவுங்க. காது, வாய், வால் அடி எதையும் விடாதீங்க. இரண்டு பக்கமும் நின்று செய்யணும். நாளைக்கு அது இடத்து மாடா, வலத்து மாடா என்று இப்போது தெரியாது.

இரண்டு மூன்று மாதம்: காலை மேலிருந்து கீழாகத் தடவி, குளம்பைத் தூக்கி ஒரு நொடியில் இறக்குங்க. தலைக்கயிறு போட்டுப் பத்தடி நடத்துங்க. கிடாரியாக இருந்தால் மடியையும் தொட்டுப் பழக்குங்க.

ஆறு மாதத்துக்கு மேல்: முதுகில் வெறும் சாக்கைப் போட்டு எடுங்க. சலங்கை, சங்கிலிச் சத்தம் கேட்கட்டும். இரண்டரை, மூன்று வயதில் நுகத்தடி வைக்கும்போது அது புதுப் பொருளாகத் தெரியாது.

கையை எப்போது எடுப்பது?

பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். கன்று துள்ளும்போது கையை எடுத்தால், துள்ளினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அதனால் லேசாகக் கையை வைத்தபடி இருங்க. அது நின்று மூச்சு விட்டதும் எடுங்க. ரொம்ப மிரண்டால், முன்பு ஒத்துக்கொண்ட இடத்துக்குத் திரும்புங்க. கட்டிப்போட்டு அமுக்கித் தடவினால் கைமேல்தான் பயம் வளரும்.

கவனம்

காளைக்கன்றின் நெற்றியைத் தள்ளி விளையாடக் கூடாது. குழந்தைகளையும் விடாதீங்க. இன்று விளையாட்டாக முட்டுவது, முன்னூறு கிலோ ஆனதும் உயிருக்கு ஆபத்து. கன்றைத் தனியாகப் பிரித்துச் செல்லம் கொடுத்தும் வளர்க்க வேண்டாம். மற்ற மாடுகளோடு இருந்தால்தான் தன் எல்லை அதற்குத் தெரியும்.

தினமும் உருவும் கைக்கு இன்னொரு லாபமும் உண்டு. காதுக்குள் உண்ணி, தொப்புளில் வீக்கம், மூட்டில் சூடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். தொப்புள் வீங்கி, மூட்டும் சூடாக இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.

செலவில்லாத வேலை இது. காலையில் கறவை முடிந்து கன்றை அவிழ்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்க. வீட்டில் ஒரே ஆள் மட்டும் செய்யாமல், பெண்கள், பெரியவர்கள் என்று ஆள் மாற்றிச் செய்தால், யார் பிடித்தாலும் நிற்கும் மாடாக வளரும்.