பேப்பரைத் திறந்து வைக்கப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். எங்கள் விலங்கியல் பேராசிரியை ஒருவர் இந்தப் பகுதி ஏரிகளின் நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஓப்பன் ஆக்சஸாக வெளியிட 2,400 டாலர் ஆகுமாம். “ஏதாவது வழி சொல்லுங்க சார்” என்று கேட்கிறார். நான் படித்தபோது வகைப்பாடும் பட்டியலாக்கமும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பணம் கட்டாமல் வழி உண்டா? எங்களைப் போன்றவர்கள் இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வழி உண்டு. அதைக் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான்.

முதலில் அந்த இதழ் எந்த வகை என்று பாருங்கள். சந்தாவும் வாங்கிக்கொண்டு, விரும்பும் ஆசிரியரிடம் ஓப்பன் ஆக்சஸ் கட்டணமும் வாங்கும் இதழ்களை ‘ஹைப்ரிட்’ என்பார்கள். அப்படிப்பட்ட இதழ் என்றால் 2,400 டாலர் கட்டாயமில்லை. ஒப்பந்தப் படிவத்தில் சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஓப்பன் ஆக்சஸுக்கென்று கட்டணம் இல்லாமலே கட்டுரை வெளிவரும். இது தெரியாமல், ஏற்புக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் கைக்காசைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

முழுக்க ஓப்பன் ஆக்சஸ் இதழ் என்றால் கட்டண விலக்கு கேட்டுப் பார்க்கலாம். ஏழை நாடுகளுக்குத் தானாகவே சலுகை தரும் பதிப்பகங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ‘ரிசர்ச்4லைஃப்’ பட்டியலில் இந்தியா இல்லை. நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதையும் கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பல பதிப்பகங்கள் கைவிரித்துவிடும்.

அடுத்த கவலை, சந்தா முறையில் வந்தால் கட்டுரை பூட்டிக் கிடக்குமே என்பது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவருக்கும் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கும் அந்தக் கதவு திறக்காது. உங்கள் பேராசிரியையின் கட்டுரை அவர்களுக்கும்தான் வேண்டும்.

அதற்குத்தான் ‘கிரீன் ஓப்பன் ஆக்சஸ்’. ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு: இதழுக்கு முதலில் அனுப்பியது, மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்தபின் இதழ் ஏற்றுக்கொண்டது, இதழின் லோகோவும் பக்க எண்ணும் போட்டு அச்சான பிடிஎஃப். நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது. அது பேராசிரியையின் கணினியில் சாதாரண வேர்ட் கோப்பாகவே இருக்கும். அதை ஓர் இணையக் களஞ்சியத்தில் போட்டு வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சில உடனே விடும். சில 12 மாதமோ அதற்கு மேலோ பொறுக்கச் சொல்லும்.

எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று பார்க்க ஜிஸ்க் அமைப்பின் ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ இருக்கிறது. முன்பு ‘ஷெர்பா ரோமியோ’ என்ற பெயரில் இருந்தது. இதழின் எட்டிலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொடுங்கள். எந்த வடிவத்தை, எங்கே, எத்தனை மாதம் கழித்துப் போடலாம் என்று தனித்தனியாகக் காட்டும். பதிப்பகத்தின் பக்கத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குச் சொந்தக் களஞ்சியம் இல்லையென்றால் செர்ன் ஆய்வகம் நடத்தும் ‘ஜெனோடோ’வில் இலவசமாகப் போடலாம், டிஓஐ எண்ணும் கிடைக்கும். ‘ரிசர்ச்கேட்’ வணிகத் தளம் என்பதால், களஞ்சியத்துக்குத் தரும் அனுமதி அதற்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்த கட்டுரைக்கு இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். ஆசிரியரிடமும் வாசகரிடமும் பணம் வாங்காத ‘டைமண்ட்’ இதழ்கள் இருக்கின்றன. ஓப்பன் ஆக்சஸ் இதழ்களின் பட்டியலான ‘டிஓஏஜே’யில், கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம்.

இனி உங்கள் பயிற்சி. இது நமக்குப் புதிய துறை அல்ல. 2004 மே மாதமே சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலத்தின் முயற்சியால் ஓப்பன் ஆக்சஸ் பயிலரங்குகள் நடந்தன. களஞ்சியம் அமைப்பது எப்படி என்று அப்போதே அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பிஎச்.டி. ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’வில் ஏற்றும் பல்கலைக்கழக நூலகர் யாரையாவது போய்ப் பாருங்கள். அது இயங்குவது ‘டிஸ்பேஸ்’ என்ற கட்டற்ற மென்பொருளில். மெட்டாடேட்டா நிரப்புவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், நீங்கள் படித்த பட்டியலாக்கம்தான் அது என்று புரியும். சோத்கங்காவை நடத்தும் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் நூலகர்களுக்குப் பயிற்சிகளும் நடத்துகிறது. கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலம் கேட்டு, பணிநாளாகவே அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.

இப்போது இது அவசரமும்கூட. எந்த இதழ் தரமானது என்று சொல்லிவந்த ‘கேர்’ பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. தரம் பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகள் தலையில். ‘ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம்’ என்று காசு பறிக்கும் போலி இதழ்களுக்கு இது நல்ல வேட்டைக்காலம். ‘திங்க் செக் சப்மிட்’ என்ற கேள்விப் பட்டியலை அச்செடுத்து நூலக வாசலில் ஒட்டுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா, கட்டணத்தை முன்கூட்டியே சொல்கிறார்களா, மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

பேராசிரியையிடம் இன்றைக்கே இரண்டு விஷயம் சொல்லுங்கள்: இதழின் வகை தெரியும்வரை ஒரு டாலரும் கட்ட வேண்டாம், திருத்தி அனுப்பிய அந்தக் கடைசி வேர்ட் கோப்பை அழிக்க வேண்டாம்.