பட்டறைக் கேள்வி-பதில்: குட்டி யானைக்குப் பெரிய இன்ஜின் வைக்கலாமா?

சரவணம்பட்டி சத்தி ரோட்டுப் பட்டறைக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சின்ன வண்டியில் பெரிய இன்ஜின். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி: 2012 மாடல் டாடா ஏஸ் வைத்திருக்கிறேன். போகும்போது தாளவாடிக்கு உரம், வரும்போது மேட்டுப்பாளையம் மண்டிக்கு முட்டைக்கோஸ். திம்பம் ஏற்றத்தில் வண்டி ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்கிறது. பின்னால் வரும் லாரிக்காரர்கள் விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள். கணபதியில் ஒரு பட்டறையில் இண்டிகா இன்ஜினை மூன்றே நாளில் உட்கார வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமுங்களாண்ணா?
– வாசகர், அன்னூர்

பதில்: வேண்டாமுங்க.

இண்டிகா இன்ஜின் யோசனை எல்லோருக்கும் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். 2005 மே மாதம் ஏஸ் வந்தது. அதற்காக டாடாகாரர்கள் இண்டிகாவின் நாலு சிலிண்டர் 1405 சிசி டீசல் இன்ஜினைப் பாதியாக்கித்தான் இரண்டு சிலிண்டர் 702 சிசி இன்ஜினைச் செய்தார்கள். 16 குதிரைத்திறன். பாதி உட்கார்ந்த இடத்தில் முழுசும் உட்காரும் என்று நினைக்கிறார்கள். உட்காருவது என்னவோ உட்காரும். ஆனால் இண்டிகாவில் அது குறுக்கே கிடந்து முன்சக்கரத்தைச் சுற்றும் இன்ஜின். ஏஸில் நெடுக்கே இருந்து பின்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பெல் ஹவுசிங் பொருந்த லேத்தில் தட்டு கடைய வேண்டும், சம்ப் இடிக்கும், ரேடியேட்டர் பத்தாது. கடைசியில் குறுக்குச் சட்டத்தை வெட்டுவார்கள். வெட்டின இடத்தில் வெல்டிங் வைத்துக் கறுப்பு பெயின்ட் அடித்துச் சாவியைக் கொடுப்பார்கள்.

அப்படி ஒரு வண்டி போன வருஷம் என் பட்டறைக்கு வந்தது. வளைவில் திருப்பினால் முன்பக்கம் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் என்றார் டிரைவர். வெல்டிங் ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டோம். பிறகு காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தோம். வெள்ளைப் பூச்சின் நடுவே மெல்ல ஓர் ஈரக்கோடு எழுந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் திரும்பி வெளியே வருகிறது. ஆள்காட்டி விரல் நீளம் இருந்தது அந்தக் கோடு. அந்த வண்டி அதற்கு முந்தின நாள்தான் மலை இறங்கி வந்திருந்தது.

இனி உங்கள் ஏற்றத்தைப் பார்ப்போம். ஏஸுக்குக் கம்பெனி சொன்ன பாரம் 750 கிலோ. வண்டியோடு சேர்த்து 1550 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் ரோட்டில் அந்த எடையை 16 குதிரைத்திறன் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றிவிடும். அதே ரோட்டில் ஒன்றரை டன் ஏற்றினால் 14 கிலோமீட்டர்தான். நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. இந்தக் கேள்வி கேட்கிற யாருமே அதை எழுதுவதில்லை. முதலில் எடைமேடையில் வண்டியை நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறீர்கள். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டுமே, அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஆற்றாமை அங்கேதான். ஏற்றத்தில் இழுவை பத்தாவிட்டால் வண்டி நிற்கும். நீங்கள் கீழே இறங்கிக் கல்லை வைத்துவிட்டு யோசிக்கலாம். இறக்கத்தில் பிரேக் பத்தாவிட்டால் யோசிக்க நேரம் கிடையாது. 2300 கிலோ வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் அதில் உண்டாகும் சூடு ஆறரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் அவ்வளவு சூடு. கியர் சரியாக இருந்தால் அதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் டிரம்முக்கும்தான் போகும். மலை வண்டிகளின் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே நீலம் பாய்ந்திருப்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடக்கும். பிரேக் ஆயிலில் காலப்போக்கில் ஈரம் சேரும். அந்த ஈரம் சூட்டில் ஆவியானால், பெடல் பஞ்சை மிதித்ததுபோலக் கீழே போகும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். இன்ஜின் ஆயிலுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறவர்கள் இதற்கு முகம் சுளிக்கிறார்கள்.

இந்த நிலையில் பெரிய இன்ஜினை வைத்து என்ன செய்வீர்கள்? இருபதில் ஏறின வண்டி நாற்பதில் ஏறும். கை பழகினபின் அதே நாற்பதில் இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. பிரேக் மட்டும் அந்தப் பழைய பிரேக். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விடுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். மேலே திம்பத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்தி, இறங்கும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள்.

இழுவைக்கு நான் சொல்லும் வேலை இதுதான்: ஏர் ஃபில்டர், க்ளட்ச் ப்ளேட், இன்ஜெக்டர், கம்ப்ரஷன். நாலு சக்கரத்தையும் தூக்கி ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்து, பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே மலை ஏறி ‘இன்ஜின் வீக்’ என்று வந்தவர்கள் நிறையப் பேர். இவ்வளவும் சரியாக இருந்தும் பத்தவில்லை, தினமும் ஒரு டன்னுக்கு மேல்தான் பாரம் என்றால் ஏஸை விற்றுவிடுங்கள். ஒன்றேகால் டன் தூக்கவென்றே செய்த வண்டி அசோக் லேலண்ட் தோஸ்த். 2011லிருந்து வருகிறது, 1478 சிசி. நல்ல பழைய வண்டிகள் நம் பக்கமே கிடைக்கின்றன. அந்த இன்ஜினுக்கு ஏற்ற ஹவுசிங், பட்டை, பிரேக் எல்லாம் அதோடேயே வரும்.

கேள்வி: என் ஏஸ் இன்ஜினுக்கு டர்போ மட்டும் சேர்க்கலாமா?
– வாசகர், துடியலூர்

பதில்: கூடாது. அந்தப் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

கேள்வி: 13 அங்குலச் சக்கரம் போட்டதிலிருந்து இழுவை குறைந்துவிட்டது. இன்ஜின் மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோவில்பாளையம்

பதில்: பழைய 12 அங்குலச் சக்கரத்தையே போடுங்கள். 145 ஆர் 12க்குப் பதில் 155 ஆர் 13 போட்டால் சக்கரத்தின் குறுக்களவு 7 சதவீதம் போலக் கூடும். அந்த அளவுக்கு இழுவை குறையும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். இன்ஜின்மேல் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: எழுபது வயதாகிறது. எங்கள் காலத்தில் அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மட்டாடர் டீசல் இன்ஜின் வைத்து ஓட்டினோம். ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணில் இருந்துகொண்டு நீங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்களே?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, அந்த வேலையைச் செய்த கைகளில் என் கையும் ஒன்று. டீசல் மிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த டாக்ஸிக்காரர்களை எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இன்ஜினுக்கு வேண்டியது ஒரு டீசல் பைப், ஒரு ஸ்டாப் கேபிள், ஸ்டார்ட்டருக்குக் கனமான ஒயர். அவ்வளவுதான். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் இசிஎம் பெட்டி, சென்சார்கள், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் எல்லாம் ஒன்றோடொன்று பேசினால்தான் வண்டி ஸ்டார்ட்டே ஆகும். ஒயரிங்கைப் பாதியில் வெட்டி ஒட்டுகிறவர்களால்தான் வண்டி தீப்பிடிக்கிறது.

ஆனால் என் தப்பையும் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பெட்ரோல் வேனுக்கு டீசல் இன்ஜின் வைத்தேன். கனம் கூடியதை ஸ்பிரிங்கில் சரிக்கட்டினேன், மவுண்டிங் அடித்தளத்தை மறந்துவிட்டேன். ஆறே மாதத்தில் மவுண்டிங் பிய்ந்து ஃபேன் ரேடியேட்டரில் இடித்தது. ஆள் சேதம் இல்லை. அந்தச் செலவை நானே ஏற்றேன்.

ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ்ஸைத் தாமே ஓட்டியவர். தான் கைவைத்த வண்டியில் தானே உட்கார்ந்து போனவர். இன்று இன்ஜின் மாற்றித் தருகிற பட்டறைக்காரர் அந்த வண்டியில் முட்டைக்கோஸோடு திம்பம் இறங்கிக் காட்டட்டும்.

கேள்வி: சரவணம்பட்டியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இழுவைக்கு முக்கியம் குதிரைத்திறனா, டார்க்கா?
– மாணவர்

பதில்: தம்பி, இரண்டுக்கும் நடுவில் கியர் இருக்கிறது, அதைக் கேட்டிருக்க வேண்டும். ஏஸ் இன்ஜினின் டார்க் 38 நியூட்டன் மீட்டர்தான். கியர் பாக்ஸும் கிரவுன் பினியனும் பெருக்கிக் கொடுப்பதால்தான் அது முக்கால் டன்னை இழுக்கிறது. சூப்பர் ஏஸின் 1405 சிசி டர்போ இன்ஜின் தருவது இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதைப் பழைய கியர் பாக்ஸின் வழியே விட்டால் முதலில் க்ளட்ச் கருகும், அப்புறம் கிரவுன் பினியன் பல் போகும், அப்புறம் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். இந்த வரிசையில்தான் என் பட்டறைக்கு வருகிறது.

உங்கள் சீனியர்கள் பாஹா போட்டிக்கு வண்டி கட்டியிருப்பார்கள், போய்க் கேளுங்கள். இன்ஜின் வைத்த பாஹா வண்டிகளில் எல்லா அணிக்கும் ஒரே 305 சிசி, 10 குதிரைத்திறன் இன்ஜின்தான். அதே இன்ஜினை வைத்துக்கொண்டு ஒரு வண்டி முந்துகிறது, ஒரு வண்டி பிந்துகிறது. கியர் விகிதமும் எடையும் செய்கிற வேலை அது. ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், உடைந்த கிரவுன் பினியன் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: கேட்காமல் செய்துவிட்டேன். ஏஸில் வேறு இன்ஜின் ஏற்றி எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். அடுத்த மாதம் எஃப்.சி. என்ன செய்வது?
– வாசகர், பெருந்துறை

பதில்: எட்டு மாதம் கழித்துக் கேட்கிறீர்கள். கோபம் வருகிறது. ஆனாலும் எழுதினீர்களே, அது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தின சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நாளைக்கு ஒரு விபத்து என்றால், இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாத வண்டிக்குப் பணம் தராமல் இருக்க இன்சூரன்ஸ்காரருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

யாரையாவது பிடித்து எஃப்.சி. வாங்கிவிடலாம் என்று சொல்லும் ஆட்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய இன்ஜின் உங்களிடம் இருந்தால் அதை வேலை பார்த்து ஏற்றுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால் கீழே உள்ள பதிலைப் பாருங்கள். இன்ஜினை இறக்கின கையோடு, மேலே சொன்ன மண்ணெண்ணெய்-சாக்பீஸ் சோதனையைச் சேஸிஸ் முழுக்கச் செய்யச் சொல்லுங்கள். கோடு தெரிந்தால் மேலே மேலே வெல்டிங் வைக்க விடாதீர்கள். அதுவரை பாரம் ஏற்ற வேண்டாம், ஒரு நடைகூட.

கேள்வி: இன்ஜின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. அதே ஏஸ் இன்ஜின் வேறொன்று வாங்கி வைத்தால் அதுவும் குற்றமா? உக்கடத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
– வாசகர், காளப்பட்டி

பதில்: பயப்படாதீர்கள், குற்றமில்லை. அதே மாடல், அதே வகை இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்து, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதமும் கடைக்காரரின் பில்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும். நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். அரம் போட்ட தடம் இருந்தாலோ, எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டி இன்ஜின் என்றால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

காகிதம் சரியாக இருந்தால், வாங்கும் முன் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதுவும் விரிசல் விட்ட இன்ஜினாக இருக்கலாம், வேண்டாம்.