கோ-கார்ட்டிலிருந்து பந்தயக் காருக்கு: திறமையை அளப்பது எப்படி?

பந்தயக் கார் ஓட்டுபவர்கள் முதன்முதலில் எந்த வண்டியில் அமர்ந்து பழகுகிறார்கள், தெரியுமா? பெரும்பாலோர் கோ-கார்ட் என்னும் சின்னஞ்சிறு வண்டியில்தான். அதற்குக் கதவு இல்லை, கூரை இல்லை, வில் பட்டைகளும் இல்லை. குழாய்களை ஒட்டவைத்துச் செய்த ஒரு சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, அதன் பக்கத்தில் ஒரு சிறு எஞ்சின். அவ்வளவுதான். 1956-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி முதல் கோ-கார்ட்டைச் செய்தார்.

பிரான்ஸ் நாட்டுச் சிறுவன் ஒருவன் 14-ஆம் வயதில், குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்ற இடத்தில் இந்த வண்டியை முதன்முதலாக ஓட்டினான். அவன் பெயர் அலென் புரோஸ்ட். கோ-கார்ட் பந்தயங்களில் வென்றான். 1974-இல் படிப்பை விட்டு முழுநேரமும் பந்தயத்தில் இறங்கினான். எஞ்சின்களைச் சீர்செய்து கொடுத்துச் செலவுக்குப் பணம் தேடினான். ஆனால் பந்தயக் காருக்கு மாற வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு பணம் வேண்டும். டயர், எரிபொருள், பழுது பார்ப்போர், பயணம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். திறமை இருக்கிறது, பணம் இல்லை. என்ன செய்வது?

1975-இல் தென் பிரான்சில் உள்ள பால் ரிக்கார் பந்தயத் தடத்தில், வின்ஃபீல்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒரு போட்டி நடந்தது. எல்ஃப் என்னும் எண்ணெய் நிறுவனம் பரிசளித்தது. பரிசு கோப்பை மட்டுமன்று. அடுத்த ஆண்டு முழுவதும் ஃபார்முலா ரெனோ பந்தயங்களில் கார் ஓட்டுவதற்கான செலவு. புரோஸ்ட் அதை வென்றார். 1976-இல் அவர் ஓடிய 13 பந்தயங்களில் 12-இல் முதலிடம்! பின்னர் 1985, 1986, 1989, 1993 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா-1 உலகப் பட்டமும் பெற்றார்.

இத்தகைய உதவித்தொகைப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. பெண் ஓட்டுநர்களுக்காக உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு 2020-இல் தொடங்கிய தேர்வில், நான்கு இறுதிப் போட்டியாளர்கள் இத்தாலியின் மரனெல்லோ நகருக்குச் சென்றார்கள். கோ-கார்ட்டில் வளர்ந்த மாயா வெக், 16 வயதில் தேர்வு பெற்று, 2021-இல் ஃபார்முலா-4 கார் ஓட்டினார்.

சரி, இதில் நமக்கு என்ன பாடம்? இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோ-கார்ட் ஓட்டத் தெரிந்தவருக்குக் கார் ஓட்டத் தனியே தேர்வு எதற்கு? சில சுற்றுகளை வைத்து ஒருவரின் திறமையை நேர்மையாக அளக்க முடியுமா? முதற் கேள்வி இயக்கவியலைச் சேர்ந்தது. இரண்டாவது, அளவீட்டைச் சேர்ந்தது.

மாட்டு வண்டியும் கோ-கார்ட்டும்

மாட்டு வண்டியின் இருசு சுழல்வதில்லை. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிகத் தொலைவும், உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவும் உருளும். சிக்கல் ஏதும் இல்லை.

கோ-கார்ட்டில் பின் அச்சும் சக்கரங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் அச்சைச் சுழற்றுகிறது. இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழன்றாக வேண்டும். பின் சக்கரங்களின் இடைவெளி 1.2 மீட்டர் என்று கொள்வோம். வண்டி அரைவட்டமாகத் திரும்பினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 3.14 × 1.2, அதாவது ஏறத்தாழ 3.8 மீட்டர் அதிகமாகச் செல்ல வேண்டும். வளைவின் ஆரம் எவ்வளவாக இருந்தாலும் இந்த வேறுபாடு மாறாது! ஒன்றாகச் சுழலும் சக்கரங்கள் இதை எப்படிச் சமாளிக்கும்? ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபட வேண்டும், வேகம் வீணாகும்.

இதற்கு ஓர் அழகான வழி உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உட்புற முன்சக்கரம் தரையை நோக்கி அழுந்துமாறு முன் அச்சின் கோணம் அமைக்கப்பட்டிருக்கிறது. வளைவின் வேகத்தால் எடையும் வெளிப்பக்கம் சாய்கிறது. சட்டம் சற்று முறுக்கிக்கொள்கிறது. உட்புறப் பின்சக்கரம் கணநேரம் தரையைவிட்டு எழும்புகிறது! அந்த நேரத்தில் வண்டி மூன்று கால்களில் திரும்புகிறது. ஆகவே கோ-கார்ட் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பி, அந்தச் சக்கரத்தை எழுப்பக் கற்றுக்கொள்கிறார்.

பந்தயக் காரில் டிபரன்ஷியல் இருக்கிறது. இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம். சக்கரத்தை எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. பழைய பழக்கத்தில் சட்டென்று திருப்பினால் முன் டயர்கள் பிடிப்பிழந்து வழுக்கும். ஒரு வண்டியில் நன்மையாக இருந்த பழக்கம், மற்றொன்றில் தீமையாகிறது.

எடை முன்னால் போகிறது

ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படியே. ஓட்டுநரோடு 600 கிலோகிராம் நிறையுள்ள கார் விநாடிக்கு விநாடி 12 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்க. ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.3 மீட்டர், முன், பின் அச்சுகளின் இடைவெளி 2.7 மீட்டர். அப்போது முன் சக்கரங்களின்மேல் கூடும் விசை:

600 × 12 × 0.3 ÷ 2.7 = 800 நியூட்டன்.

ஏறத்தாழ 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு இடம் மாறி அமர்ந்தது போலாகிறது. இந்த மாற்றம் சுருள்வில்கள் அமுங்கி, அதிர்ந்து, அடங்கிய பிறகே நிலைபெறும். வில்லே இல்லாத கோ-கார்ட் உடனுக்குடன் பதில் சொல்லும். கார் ஒரு நொடி தயங்கிப் பதில் சொல்லும். அந்தத் தயக்கத்திற்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

பந்தயக் காரின் முன்னும் பின்னும் உள்ள இறக்கைகளையும் மறக்கக்கூடாது. விமான இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினாற்போல் அவை காரைத் தரையோடு அழுத்துகின்றன. அந்த அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில், 100 கிலோமீட்டர் வேகத்தில் கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே வேகம் மிகுந்திருக்கும்போது பிரேக்கை முழு வலுவோடு மிதித்து, வேகம் குறையக் குறையக் காலை மெல்ல எடுக்க வேண்டும். இறக்கையற்ற கோ-கார்ட்டில் இதைக் கற்க முடியாது.

யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

இப்போது இரண்டாம் கேள்வி. இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தை 60 விநாடிகளில் சுற்றினால், சராசரி வேகம் விநாடிக்கு 33.3 மீட்டர். பத்தில் ஒரு விநாடி வேறுபாடு, தடத்தில் 3.3 மீட்டர். இருபது சுற்றுகளில் அது 67 மீட்டராகப் பெருகிவிடும். அந்தப் பத்தில் ஒரு விநாடி ஓட்டுநரால் வந்ததா, வண்டியால் வந்ததா?

காலையில் தடம் குளிர்ந்திருக்கும், பகலில் சூடேறும். பலர் ஓட்டிய பின் தடத்தில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும். டயர் தேயும், எரிபொருள் குறைந்து கார் இலேசாகும். ஓட்டுநரின் உடல் எடையும் கணக்கில் வரும். ஓட்டுநரோடு 150 கிலோகிராம் உள்ள கோ-கார்ட்டில் 15 கிலோகிராம் வேறுபாடு பத்தில் ஒரு பங்கு; 600 கிலோகிராம் காரில் நாற்பதில் ஒரு பங்கு. இவற்றைச் சமன்செய்யாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் நீதி கிடைக்காது. ஆகவே ஒரே வகைக் கார்கள், ஒரே வகை டயர்கள், எடை குறைந்தவருக்கு ஈயக் கட்டிகள், காரை மாற்றி மாற்றி ஓட்டுதல், வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல் ஆகியவை நல்ல தேர்வுக்கு இன்றியமையாதவை.

இதை எழுதும்போது ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஒரு கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். ஊசல் சோதனையில் ஒரு மாணவனின் விடை மிகவும் தவறாக இருந்தது. மதிப்பெண்ணைக் குறைத்தேன். மாலையில் கருவிகளை அடுக்கும்போதுதான், அவனுக்குக் கிடைத்த நிறுத்து கடிகாரம் தாமதமாக ஓடுவதைக் கண்டேன். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன், ஆனால் காலையில் அவன் முகம் வாடியதை என்னால் திருத்த முடியவில்லை. மாணவனை அளக்கும்முன் கருவியை அளந்திருக்க வேண்டும்.

இனி ஒரு கற்பனைத் தேர்வு. மூவர் ஐந்து சுற்றுகள் ஓட்டினார்கள். நேரம் விநாடிகளில்:

அ: 61.2, 62.9, 61.0, 63.1, 61.3
ஆ: 61.6, 61.5, 61.7, 61.5, 61.7
இ: 63.0, 62.4, 62.0, 61.7, 61.5

மிக விரைவான ஒரே சுற்றைப் பார்த்தால் ‘அ’ வெல்கிறார். சராசரியைப் பார்த்தால் ‘அ’வுக்கு 61.9, ‘ஆ’வுக்கு 61.6. ‘ஆ’வின் சுற்றுகளுக்குள் வேறுபாடு 0.2 விநாடிதான்; ‘அ’வுக்கோ 2.1 விநாடி. பந்தயத்தில் நம்பத்தக்கவர் ‘ஆ’. ஆனால் ‘இ’யைப் பாருங்கள். அவர் சராசரி 62.1, மூவரில் கடைசி. எனினும் ஒவ்வொரு சுற்றிலும் முன்னேறியிருக்கிறார். இறுதிச் சுற்றில் ‘ஆ’வின் சிறந்த நேரத்தைத் தொட்டுவிட்டார். இதுவரை காரே ஓட்டாதவராக அவர் இருந்தால்?

பரிசு அடுத்த ஆண்டு ஓட்டுவதற்கானது. ஆகவே இன்றைய வேகத்தோடு, கற்கும் வேகமும் கவனிக்கப்பட வேண்டும். அதனால்தான் தேர்வாளர்கள் காரிலிருந்து இறங்கியவரிடம் கேள்வி கேட்கிறார்கள்: எந்த வளைவில் நழுவியது? முன்பக்கமா, பின்பக்கமா? நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர், அடுத்த சுற்றில் அதைத் திருத்திக்கொள்வார்.

பரிசு கிடைக்காதவர்

இத்தகைய போட்டியில் ஒருவர் வெல்ல, மற்றவர் அனைவரும் தோற்க வேண்டும். அவர்கள் கதி என்ன? கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 1992-இல், 15 வயதில், அதே வின்ஃபீல்டு பள்ளிக்குச் சென்றார். எல்ஃப் போட்டியில் அரையிறுதி வரை வந்தார், பரிசு கிடைக்கவில்லை. ஊர் திரும்பி 1993-இல் ஃபார்முலா மாருதி பந்தயங்களில் ஓட்டினார். 2005-இல் ஃபார்முலா-1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. தேர்வு என்பது அன்றைய அளவீடு. அளக்கப்பட்டவர் அதற்குப் பிறகும் வளர்கிறார்.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவான இரண்டு அட்டை வட்டங்களை ஒரு பென்சிலின் இரு முனைகளிலும் இறுக ஒட்டுங்கள். தரையில் உருட்டினால் நேராக ஓடும். வளைத்து ஓட்ட முயன்றால் ஒரு வட்டம் தேய்ந்து இழுபடுவதைக் காணலாம். பிறகு ஒரு வட்டத்தின் துளையைப் பெரிதாக்கி, தனியே சுழலுமாறு செய்யுங்கள். இப்போது எளிதில் திரும்பும்.

2. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் மையநோக்கு முடுக்கம் என்ன? வேகம் பத்து விழுக்காடு கூடினால் தேவையான உராய்வு விசை எத்தனை விழுக்காடு கூடும்?

(விடை: விநாடிக்கு விநாடி 10 மீட்டர், 21 விழுக்காடு. நாளை சைக்கிளில் திருப்பத்தை நெருங்கும்போதும் இந்த விடையை நினைவில் கொள்ளுங்கள்.)