கழல மறுக்கும் ஆக்சிலை இழுக்காதீர்கள்

முன்சக்கரம் ஓட்டும் ஆட்டோமேட்டிக் கார்களில் ஆக்சில் கியர்பாக்ஸை விட்டு வரவில்லை என்றால், பலரும் தண்டைப் பிடித்து இழுக்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலான கார்களில் அதன் உள்முனையைப் பிடித்திருப்பது, ஸ்ப்ளைன் பள்ளத்தில் உட்கார்ந்த சிறு சர்க்ளிப். அது சுருங்கினால்தான் வழிவிடும். சுருங்க வைப்பது சட்டென்று விழும் அடி, நிதானமான இழுப்பு அல்ல. அதோடு, உள்பக்க சிவி ஜாயின்ட் நீண்டு சுருங்கும்படி செய்யப்பட்டது. தண்டை இழுத்தால் ஜாயின்ட்தான் உள்ளே பிரிந்து, பூட் கிழியும், கிளிப் அசையாது. விசை ஜாயின்ட்டின் கிண்ணத்தின் மேல் விழ வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் உறைக்கும் நடுவே எதிரெதிரே இரண்டு நெம்புகோல்களைக் கொடுத்து ஒரே நேரத்தில் வெடுக்கென்று நெம்புங்கள். வரவில்லையா? ஆக்சிலைக் கொஞ்சம் திருப்பி மறுபடி நெம்புங்கள். கிளிப்பின் வாய் திசை மாறினால் சுருங்க இடம் கிடைக்கும்.

நெம்பினால் அலுமினிய உறை உடையாதா என்ற பயம் நியாயமானது. அதனால்தான் தடித்த விலா இருக்கும் இடத்தில் மட்டும் ஊன்ற வேண்டும், ஆயில் சீல் பக்கம் போகக் கூடாது. இடமில்லையென்றால் கிண்ணத்தைக் கவ்வும் கொக்கியோடு ஸ்லைடு ஹேமர் போதும். சூடு காட்டலாமே என்பார்கள்; சீல் கருகும், சிந்திய ஆயில் தீப்பற்றும். வலது பக்கம் நடுத்தண்டும் பேரிங் பிராக்கெட்டும் உள்ள கார்களில், துருப்பிடித்து இறுகுவது பெரும்பாலும் அந்த பேரிங்தான். துருநீக்கி எண்ணெய் அங்கே உதவும், எண்ணெயில் ஊறிய சர்க்ளிப்புக்கு உதவாது. மாட்டும்போது புது சர்க்ளிப், புது சீல் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.