ஊரை விட்டுப் போகாத பெண்

ஆண்டாள் கதை தெரியாதவர் நம்மில் யார்? துளசி வனத்தில் கிடைத்த குழந்தை, அப்பா தொடுத்த மாலையைச் சூடி அழகு பார்த்த பெண், அந்த மாலையையே விரும்பிக் கேட்ட பெருமாள்... எத்தனை முறை கேட்டிருப்போம்! சரி, கதை எப்படி முடிகிறது?

'பல்லக்கில் ஸ்ரீரங்கம் போனாள். அரங்கனோடு கலந்தாள்' என்பீர்கள். குருபரம்பரை நூல்கள் சொல்வதும் அதைத்தான். ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர் தல வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 'எங்கள் ஊருக்கே வந்து என் மகளைக் கைப்பிடிக்க வேண்டும்' என்று பெரியாழ்வார் வேண்டினாராம். பங்குனி உத்திரத்தன்று கருடன் மீது வந்து இறங்கிய அரங்கன், ரங்கமன்னாராக இங்கேயே தங்கிவிட்டார். மற்ற தலங்களில் பெருமாளுக்கு எதிரே நிற்கும் கருடாழ்வார், இங்கே கருவறையில் தம்பதியின் பக்கத்திலேயே கைகூப்பி நிற்கிறார். மாப்பிள்ளையை நேரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தவருக்கு அந்த மரியாதை!

ஒரே பெண்ணுக்கு எதற்கு இரண்டு கல்யாணக் கதை? மகளைக் கண்ணனிடம் அனுப்பிவிட்டு, வெறிச்சோடிய வீட்டில் நின்று புலம்பும் தாயாகப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். அதைப் படித்தால் காரணம் புரியும். போனவள் திரும்பவில்லை என்று கதையை முடிக்க ஊருக்கு மனம் வரவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன?

'தெய்வக் கதையை இப்படி மாற்றிச் சொல்லலாமா?' என்று தயங்க வேண்டாம். ஆண்டாளே வழிகாட்டியிருக்கிறாள். கண்ணன் கதை யமுனைக் கரையில் நடந்தது. அவளோ ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், தன்னை ஓர் ஆயர் பெண்ணாகவும் பாவித்து நோன்பு நோற்றாள் என்பார்கள் பெரியோர்கள். கேட்ட கதைக்குள் தானே புகுந்துகொண்டதால் நமக்குத் திருப்பாவை முப்பது பாட்டும் கிடைத்தன.

அந்தக் கதை தெலுங்குக்கும் போனது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் கனவில், கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்துப் பெருமாள் வந்து, தன் கல்யாணக் கதையைத் தெலுங்கில் பாடச் சொன்னாராம். அப்படிப் பிறந்ததுதான் 'ஆமுக்தமால்யதா'. சூடிக் கொடுத்தவள் என்றுதான் பொருள்! சொன்னவர் சக்கரவர்த்தி அல்லவா... நடுவே ஆளவந்தார் வாயிலாக, நாட்டை ஆளும் முறையையும் நீளமாகச் சொல்லிவிடுகிறார். அவர் கவலை அவருக்கு! ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரான ராஜபாளையம், தெலுங்கு பேசும் ராஜுக்கள் குடியேறி வாழும் ஊர். அங்கே ஆண்டாள் கதையை அம்மா தமிழிலும் சொல்லலாம், தெலுங்கிலும் சொல்லலாம். தெலுங்கில் அதற்குக் காவியமே இருக்கிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? யார் சொன்னாலும் அந்த மாலை மட்டும் மாறவே இல்லை. அவள் சூடினாள், அவன் ஏற்றான். அதை விடாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை அவரவர் தங்கள் வீட்டுக் கதையாக்கிக் கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அவள் இன்றும் வீட்டுப் பெண்தான். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு முன்பு, பகல் பத்து தொடங்கும் நாளில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சத்தாரின் இல்லத்துக்கு எழுந்தருள்கிறார்கள். 'பச்சை பரத்தல்' என்று இதற்குப் பெயர். அன்று அங்கே போனால், பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணுக்காகப் பச்சைக் காய்கறிகளை விதவிதமாகப் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.