மாத்திரைப் பெட்டியும் ஒரு பாஸ்புக்கும்

கடந்த ஆண்டு நவம்பரில் கிராம சுகாதார செவிலியர் எங்கள் பள்ளிக்கு வந்தார். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைக்குப் பொறுப்பாசிரியர் நான். பீரோவைத் திறந்து காட்டினேன். முன்வரிசைப் பெட்டிகளை நகர்த்திவிட்டு, பின்னால் கிடந்த பெட்டி ஒன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தார். காலாவதியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"புதுசு வரவர முன்னாடியே அடுக்கிட்டீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

ஆம், அப்படித்தான் அடுக்கியிருந்தேன். அதே மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் மாத்திரை தீர்ந்துபோய், மூன்று வாரம் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை என்பதையும் அவரே சொன்னார். இங்கே வீணானது அங்கே தேவைப்பட்டிருக்கிறது. பதிவேட்டில் வரவும் செலவும் சரியாகவே இருந்தன. காலாவதித் தேதிக்கு மட்டும் அதில் இடமே இல்லை.

இந்தத் தவறையே எட்டாம் வகுப்பில் ஒரு பாடமாக்கினேன்.

நம் மாநிலம் கண்ட வழி

முதலில், அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரை அட்டை ஒன்றைக் காட்டினேன். 'விற்பனைக்கு அல்ல' என்ற வரியை மாணவர்கள் உடனே படித்தார்கள். அந்த மருந்து எப்படி வருகிறது என்று விளக்கினேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் தொடங்கப்பட்டது. 1995 முதல் செயல்படுகிறது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை அது ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்குகிறது. வணிகப் பெயரில் வாங்காமல் மருந்தின் மூலப்பெயரில் வாங்குவதால் விலை குறைகிறது. வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே மருந்து கிடங்கிலிருந்து வெளியே போகும்.

மாணவர்களை அதிகம் கவர்ந்தது பாஸ்புக் முறைதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கி, அதை ஒரு பாஸ்புக்கில் வரவு வைக்கிறார்கள். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழிக்கப்படும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை நோயாளிகளை நேரில் பார்க்கும் மருத்துவமனையே முடிவு செய்கிறது. கிடங்குகளின் இருப்பு கணினியில் தெரிவதால், மிகுதியுள்ள இடத்திலிருந்து குறைவுள்ள இடத்துக்கு மாற்றவும் முடிகிறது. 2011 இல் ராஜஸ்தானும் இதே போன்ற ஒரு கழகத்தை அமைத்தது.

வகுப்பறைச் செயல்பாடு

வகுப்பை நான்கு 'ஆரம்ப சுகாதார நிலையங்களாக'ப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் கற்பனையாக ரூ.12,000 எழுதிய பாஸ்புக் கொடுத்தேன். மாதத்துக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும். 'காய்ச்சல் நோயாளர் இரு மடங்கு', 'சிரப் காலாவதி' என்பது போன்ற செய்திகள் அவற்றில் இருக்கும்.

மழைக்கால அட்டை வந்தபோது இரண்டு குழுக்களிடம் பணமே இல்லை. இன்னொரு குழுவிடம் சிரப் குவிந்து கிடந்தது. "மிஸ், எங்ககிட்ட மிச்சம் இருக்கு, அவங்களுக்குக் கொடுக்கலாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் சொல்லித்தர நினைத்திருந்ததை அவளே கேட்டுவிட்டாள்.

அடுத்து, நம் பீரோவின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன்.

மாத்திரை பெறும் மாணவர்கள்: 84
இருப்பு: 1,500
காலாவதிக்கு மீதமுள்ள வாரங்கள்: 12
தேவை: 84 × 12 = 1,008
மிகுதி: 1,500 − 1,008 = 492

"இந்த 492ஐ இப்போதே திருப்பிக் கொடுத்தால்?" என்று கேட்டேன். 41 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு வாரத்துக்குச் சரியாகப் போதும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தலுக்கு இதைவிட நல்ல வாழ்க்கைக் கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது செய்வது

பதிவேட்டில் 'காலாவதித் தேதி', 'மீதமுள்ள வாரங்கள்' என இரண்டு கட்டங்கள் சேர்த்தோம். முதலில் காலாவதியாகும் பெட்டி முன்வரிசையில் இருக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் இரண்டு மாணவர்கள் எண்ணிச் சொல்ல, நான் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறேன். மாத்திரைகளைக் கையாள்வதும் கொடுப்பதும் ஆசிரியர் வேலை மட்டுமே. மிகுதி தெரிந்தால் உடனே செவிலியருக்குத் தகவல் சொல்கிறோம். இந்த ஜனவரியில் இரண்டு பெட்டிகள் அப்படி வேறு பள்ளிக்குப் போயின.

புதுமை என்றதும் புதிய கருவியைத்தான் நினைப்போம். பல்லாயிரம் நோயாளிகளுக்கு மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்க உதவியவற்றில் ஒரு பாஸ்புக்கும் உண்டு. எங்கள் பள்ளிக்கு இரண்டு கட்டங்கள் போதுமானதாக இருந்தன. உங்கள் பள்ளி பீரோவையும் இந்த வாரம் ஒருமுறை திறந்து, பின்வரிசையைப் பாருங்கள்.