அகதேஸ் நகரும் வழிச்செல்வோர் சட்டமும்

ஊர்விட்டு ஊர் செல்லும் மக்களைப்பற்றி ஆராயுங்கால், அவர் புறப்படும் நாட்டையும் சென்று சேரும் நாட்டையும் கருதுகின்றோமேயன்றி, இடைவழி நாட்டைக் கருதுவார் சிலரே. அத்தகைய நாடுகளுள் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர். அதன் வடபால், சகாராப் பாலையின் வாயிலில் இருப்பது அகதேஸ். ஒட்டகச் சாத்துக்கள் பல நூற்றாண்டுகள் தங்கிச் சென்ற இம்மண்மாட நகரில், பிற்காலத்தே அவற்றின் இடத்தை மோட்டார் வண்டிகள் கொண்டன. ஒரு வண்டியில் ஏறத்தாழ முப்பதின்மர், கீழே விழாதபடி கழிகளைப் பற்றிக்கொண்டு, லிபியாவை நோக்கிச் செல்வர்.

இது களவுத் தொழிலாக நடந்ததன்று. வாரந்தோறும் படைவீரர் காவலுடன் புறப்படும் வண்டித்தொடரில் அவர்களும் சேர்ந்தே சென்றனர். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் 1979-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உறுப்பு நாட்டினர் செல்லுபடியான பயண ஆவணத்துடன் மற்றோர் உறுப்பு நாட்டினுள் நுழைவு அனுமதியின்றிப் புகுந்து 90 நாள் தங்கலாம். துவாரெக் கிளர்ச்சிகளால் சுற்றுலாப் பிழைப்பு அழிந்தபின், வண்டியோட்டிகளும் விடுதிக்காரரும் சோறு விற்போரும் இவ்வழிச்செல்வோரை நம்பியே வாழ்ந்தனர்.

2013 அக்டோபரில் அல்ஜீரிய எல்லையருகே 92 பேர் நீர்வேட்கையால் மாண்டு கிடக்கக் காணப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளுமாவர். இத்துயரமும் ஐரோப்பியரின் வற்புறுத்தலும் சேர்ந்து, 2015 மே மாதத்தில் 36-ஆம் எண் சட்டத்தைப் பிறப்பித்தன. அயலாரை ஊதியத்தின்பொருட்டு முறையின்றி எல்லை கடத்துவோர்க்கு ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறை என்றது அச்சட்டம். அவ்வாண்டு நவம்பரில் மால்ட்டாவின் வலேட்டா நகரிற் கூடிய மாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிரிக்காவிற்கென ஒரு நிதியை நிறுவியது. அதில் நைஜரும் மிகுதியாகப் பங்குபெற்றது.

2016-ன் நடுவில் சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. எல்லையோ அகதேஸுக்குப் பன்னூறு கிலோமீட்டர் அப்பால். ஆயினும் நகரின் வடக்கே அயலாரை ஏற்றிச் சென்றாலே வண்டி பறிபோயிற்று, ஓட்டி சிறைப்பட்டான். உடன்படிக்கைப்படி நேர்மையாக நாட்டினுள் வந்த கானா நாட்டான் ஒருவன், அகதேஸைத் தாண்டியவுடன் குற்றப்பொருளாகக் கருதப்பட்டான். ஒரே அரசு இருவேறு நீதிகளை ஒரே சாலையில் நடத்திற்று என்பதே நம் கருத்து.

சாவடிகளில் எண்ணப்பட்டோர் தொகை குறைந்தது மெய்யே. ஆனால் வண்டியோட்டிகள் படைக்காவலும் கிணறுகளும் உள்ள பெருவழியை விட்டு, சாவடியற்ற மணல்வெளியிற் சென்றனர். காவலரைக் கண்டு அஞ்சிப் பயணிகளைப் பாலையில் இறக்கிவிட்டு ஓடியவரும் உளர். ஆறலைகள்வரைப் பாலைத்திணையிற் பயின்ற நமக்கு இச்செய்தி வேறொரு வகையில் உறுத்துகின்றது. இங்கே வழியை அச்சமுடையதாக்கியது காவலே அன்றோ! தொழில் மாற்றுவதற்கென வாக்களித்த உதவியும் விண்ணப்பித்தோருள் சிறு பகுதியினர்க்கே கிட்டியது.

2023 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர், நவம்பரில் அச்சட்டத்தை நீக்கி, அதன்கீழ் விதித்த தண்டனைகளையும் விலக்கினர். வண்டித்தொடர் மீண்டும் வெளிப்படையாகப் புறப்படலாயிற்று. ஆயினும் 2025 ஜனவரியில் நைஜர் மேற்கூறிய பொருளாதாரச் சமூகத்தினின்றும் விலகிவிட்டது. வடக்கே அல்ஜீரியாவோ, தான் வெளியேற்றுவோரை எல்லையில் இறக்கிவிடும் வழக்கத்தை விடவில்லை. அங்கிருந்து அசமக்கா என்னும் சிற்றூருக்கு அவர்கள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மணலில் நடந்தே வருகின்றனர்.